டயர் மாற்றும் முன் பழையதைத் தடவிப் பாருங்கள்

எங்கள் மாமாவுக்கு, அதாவது வீட்டுக்காரரின் அப்பாவுக்கு, இரண்டு காதிலும் மெஷின். போன வருசத்தில் இருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. காரில் ஏறி காங்கேயத்தைத் தாண்டியதும் இரண்டு மெஷினையும் கழற்றி டப்பியில் போட்டு மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார், அதற்கப்புறம் கோயமுத்தூர் போய்ச் சேருகிற வரைக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. குழந்தைகள் கூப்பிட்டால்கூடக் கேட்காது. வயசாகிவிட்டது, களைப்பாக இருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பல்லடத்தில் டீக்கு நிறுத்தியபோது கேட்டேன். "வண்டி கத்துது அம்மிணி. மெசினைப் போட்டா மண்டைக்குள்ள எறங்குது" என்றார். அப்புறம் அவரே சொன்னார், மாட்டு வண்டிக்கு மை போடாமல் விட்டால் இப்படித்தான் கத்தும், இதற்கு எங்கே மை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை என்று.

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஓட்டுவது நான், தினமும் ஓட்டுகிறேன், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதால் என் காது அதற்குப் பழகிப்போயிருந்தது.

வண்டி ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி. 2019-ல் எடுத்தது, 54,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, டயர் நான்கும் வண்டியோடு வந்தவை. அறுபதில் போகும்போது பின்னால் இருந்து 'வ்வூம் வ்வூம்' என்று ஆரம்பித்து எண்பதில் ஒரே இரைச்சலாக மாறிவிடும். ஒரு பட்டறையில் காட்டினேன். பின் சக்கர பேரிங் போயிருக்கிறது என்றார்கள், மாற்றினார்கள், பில் கொடுத்தார்கள், சத்தம் அப்படியே இருந்தது. இரண்டாவது பேரிங்கையும் மாற்றிவிடலாம் என்று சொன்னபோதுதான் சங்ககிரிக்குப் போன் போட்டேன்.

எங்கள் பெரியப்பா சங்ககிரியில் முப்பது வருசம் லாரி வைத்து ஓட்டியவர். லாரிக்காரர்களுக்கு டீசலுக்கு அடுத்த பெரிய செலவு டயர்தான், அதனால் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் டயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். போனிலேயே அவர் இரண்டு சோதனை சொன்னார். காலி ரோட்டில் அறுபதில் போகும்போது ஸ்டீயரிங்கை மெதுவாக இடப்பக்கம், வலப்பக்கம் என்று கொஞ்சம் வளைத்துப் பார். ஒரு பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடி, மறுபக்கம் வளைக்கும்போது குறைந்தால் பேரிங். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து, ரோடு மாறும்போது மட்டும் சத்தம் மாறினால் டயர். சென்னிமலையில் இருந்து பெருந்துறை போகும்போது பார்த்தேன். புதுத் தார் போட்ட இடத்தில் இரைச்சல் பாதியாகக் குறைந்தது, ஜல்லி மேலே தெரிகிற பழைய ரோட்டில் கூடியது. வளைத்ததற்கு ஒன்றும் மாறவில்லை.

அப்படியும் சந்தேகமாக இருந்தால் பின்னால் இருக்கும் இரண்டு டயரையும் முன்னால் போட்டு ஓட்டிப் பார் என்றார். போட்டேன். சத்தம் முன்னால் வந்துவிட்டது! பேரிங்குக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ரோடு மாறுவதைக் கவனிப்பதற்கும் டயரை இடம் மாற்றிப் பார்ப்பதற்கும் ஆகிற செலவு ஒரு டீக்காசுதான், பட்டறைக்குப் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சங்ககிரிக்கே கொண்டுபோனேன். பெரியப்பா குனிந்து உள்ளங்கையை டயர் மேல் வைத்து ஒரு பக்கமாகத் தடவினார், பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவினார். என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். முன்னோக்கித் தடவினால் வழவழவென்று இருக்கிறது, பின்னோக்கித் தடவினால் ரம்பம் மாதிரி கையில் பிடிக்கிறது. ஒவ்வொரு ரப்பர் கட்டையும் ஒரு ஓரம் தேய்ந்து மறு ஓரம் நிமிர்ந்து நிற்கிறது. சக்கரம் சுற்றும்போது அந்த நிமிர்ந்த ஓரங்கள் வரிசையாகத் தரையில் அறைகின்றன, அதுதான் சத்தம். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் பின் டயர்கள் சும்மா உருண்டுகொண்டு வருவதால் இந்த ரம்பத் தேய்மானம் அங்கேதான் அதிகம் வரும், வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம், கொஞ்சம் விலகியிருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். இடம் மாற்றாமல் அப்படியே ஓட்டிக்கொண்டே இருந்தால் கேட்கவே வேண்டாம். "டயரை எடம் மாத்தினியா சாமி?" என்று கேட்டார். சர்வீஸ் பில்லில் ரொட்டேஷன் என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறது என்றேன். சிரித்தார். டயரில் சாக்பீஸால் குறி போட்டுக் கொடுத்துப் பார்த்தாயா என்றார். போட்டதில்லை.

புதுசு வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். பழைய டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறோம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் மட்டும் வழித்துக்கொண்டு போயிருந்தால் அலைன்மென்ட், அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டயர் போட்டாலும் இருபதாயிரம் கிலோமீட்டரில் அதுவும் கத்த ஆரம்பித்துவிடும், அப்புறம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

என் டயரில் இன்னும் மூன்று மில்லிமீட்டர் போல மிச்சம் இருந்தது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும், டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ என்று போட்டிருக்கும் இடத்துக்கு நேராகப் பார்த்தால் தெரியும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அப்புறம் ஓட்டவே கூடாது. நமக்குத்தான் இன்னும் இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். ஆனால் பக்கச்சுவரில் 1419 என்று எண் இருந்தது, அதாவது 2019-ம் வருசத்தின் 14-வது வாரத்தில் செய்தது. ஆறரை வருசம் நம் ஊர் வெயிலில் கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கிறது. இறுகிய ரப்பர் சத்தமும் போடும், ஈரத்தில் பிடிப்பும் குறையும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

சரி, எதை வாங்குவது? எனக்கு இரண்டு வேண்டும், ரொம்ப நாள் உழைக்கணும், சத்தமும் போடக்கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இழுத்துக்கொள்கிற சமாச்சாரம். மெத்தென்ற ரப்பர் ரோட்டின் அதிர்வை வாங்கிக்கொள்ளும், அமைதியாக ஓடும், ஆனால் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் உழைக்கும், ஆனால் ஜல்லி ரோட்டில் ஒவ்வொரு கல்லையும் உள்ளே சொல்லும். ஆழமான பள்ளம், பெரிய கட்டை இருந்தால் ஆயுசு கூடும், சத்தமும் கூடும். அதனால் இரண்டும் நூற்றுக்கு நூறு கிடைக்கும் என்று எந்தக் கடையில் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நல்ல கம்பெனிகள் இதைக் கொஞ்சம் சமாளிக்கும் வழி, கட்டைகளை ஒரே அளவில் வைக்காமல் பெரிதும் சிறிதுமாகக் கலைத்து வைப்பது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும், கலைத்து வைத்தால் சத்தம் பல சுருதிகளாகச் சிதறி காதுக்கு உறுத்தாது. கடையில் டயரை உருட்டி நிதானமாகப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மச்சினன் ஏ/டி, அதாவது ஆல்-டெரைன் வகை போடச் சொன்னான், தோட்டத்துக்குப் போகிற வண்டிக்கு முரட்டு டயர்தான் லாயக்கு என்று. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மெயின் ரோட்டில் இருந்து எங்கள் வீட்டுக்கு வருவது இட்டேரி, இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலி கவாத்து பண்ணிய நாளில் ரோடு முழுக்க முள். மேய்ச்சல் காடான கொறங்காட்டுக்குள் போனால் வெள்வேலா முள் வேறு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இட்டேரி நானூறு மீட்டர். தார் ரோட்டில் ஓடுவது தினமும் இருபது கிலோமீட்டருக்கு மேல். நானூறு மீட்டருக்காக இருபது கிலோமீட்டரும் இரைச்சலைக் கேட்பதா? முள்ளுக்கு ஏ/டி-யும் பெரிய கேடயம் இல்லை, கிளுவை முள் எந்த டயரிலும் ஏறும். டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே பிடுங்காமல் அப்படியே பஞ்சர் கடைக்குப் போய்விடலாம், அது இருக்கிற வரைக்கும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். பயப்பட வேண்டியது பக்கச்சுவர் கிழிவதற்குத்தான், அதை ஒட்டவே கூடாது. களிமண் சேற்றிலும் மலைக்காட்டிலும் நிஜமாகவே ஓட்டுகிறவர்கள் ஏ/டி போடட்டும். நமக்கு எச்/டி என்கிற நெடுஞ்சாலை வகைதான்.

கடையில் நடந்ததைச் சொல்லவேண்டும். முதல் கடைக்காரர் நல்ல மனுசன்தான், ஆனால் "ஏனுங்கக்கா, 255 போட்டா வண்டி எடுப்பா இருக்குமுங்க" என்று ஆரம்பித்தார். எங்கள் வண்டியின் அளவு 235/65 ஆர்17. 235 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம், 17 என்பது இஞ்சில் ரிம். இதையே 255/65 ஆக்கினால் டயரின் விட்டம் 26 மில்லிமீட்டர் கூடிவிடும், மீட்டர் கணக்கு மூன்றரை சதவீதம் தப்பும், ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் உள்ளே உரசலாம். அகலம் கூடக் கூட சத்தமும் டீசலும் கூடத்தான் செய்யும். வேண்டாம் என்றேன்.

அடுத்து விலை குறைவாக ஒன்று காட்டினார். அதே அளவுதான், ஆனால் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்தால் வண்டியில் இருந்ததைவிடக் குறைவு. எங்களுடையது 104 எச். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும். நாம் 210-ல் போகப் போவதில்லை, ஆனால் ஏழு பேரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் நான்கு வழி ரோட்டில் போகும்போது சூட்டைத் தாங்குவது இந்த எண்தான். வண்டிக் கம்பெனி சொன்னதற்குக் கீழே மட்டும் போகவே போகாதீர்கள், மேலே போனால் பரவாயில்லை.

சத்தத்தை எப்படிக் கணிப்பது என்று ரொம்பவே தேடினேன். ஐரோப்பிய லேபிளில் டெசிபல் போட்டிருக்கிறதே என்று சந்தோசப்பட்டேன், ஆனால் அது வண்டிக்கு உள்ளே கேட்கும் சத்தம் இல்லை. இஞ்சினை அணைத்துவிட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி உருண்டு போகும்போது 7.5 மீட்டர் தள்ளி ரோட்டோரம் மைக் வைத்து அளப்பது, ரோட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்கான கணக்கு. அதே மாதிரி சில டயரில் டிரெட்வேர், அதாவது தேய்மானம், 400, 500 என்று எண் இருக்கும். அமெரிக்காவில் டெக்சாஸில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, 100 என்று வைத்த ஒரு அளவுகோல் டயரோடு ஒப்பிட்டு, அந்தந்தக் கம்பெனியே தன் டயருக்குக் கொடுத்துக்கொள்வது அது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், இந்தக் கம்பெனி 500, அந்தக் கம்பெனி 400, அதனால் இது உசத்தி என்று சொல்ல முடியாது. லேபிளை ஒதுக்கிவிட்டு, அதே அளவு டயரை நாற்பதாயிரத்துக்கு மேல் ஓட்டியவர்களிடம் கேட்டேன். புதுசாகப் போட்டவரிடம் கேட்டால் எல்லா டயரும் அமைதிதான். முப்பதாயிரத்துக்கு அப்புறம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும்.

அப்போலோ, பிரிட்ஜ்ஸ்டோன், யோகோஹாமா, மிச்செலின் நான்கையும் பார்த்து, கடைசியில் மிச்செலினின் பிரைமசி எஸ்யூவி வகையை எடுத்தேன். விலை கூடத்தான், நான்குக்கும் கூலியோடு சேர்த்து ரூ.60,000 பக்கம் வந்தது. டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல் இருந்து 18 ஆகக் குறைந்திருந்தது, அது கொஞ்சம் கைகொடுத்தது. பணம் கொடுப்பதற்கு முன் நான்கின் வாரம், வருச எண்ணையும் பார்த்தேன். இரண்டு டயர் இரண்டு வருசத்துக்கு முந்தையது. வேண்டாமுங்க, ஆறு மாசத்துக்குள் செய்ததாகக் கொடுங்கள் என்று சொன்னேன். முணுமுணுக்காமல் இரண்டு நாளில் வரவழைத்துக் கொடுத்தார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்க வேண்டும்.

இரண்டு மட்டும் மாற்றுகிறவர்கள் புதுசைப் பின்னால் போடுங்கள். முன்னால்தானே இழுக்கிறது என்று எல்லோரும் முன்னால் போடுவார்கள். ஈர ரோட்டில் பின் டயர் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும், அதை நம்மால் பிடித்து நிறுத்த முடியாது. ஸ்டெப்னி எங்களுடையது ஒரு முறைகூட ஓடாதது, பள்ளம் புதுசு போல இருக்கிறது, ஆனால் அதுவும் 2019. அதை நான்கில் ஒன்றாகச் சேர்க்கவில்லை, அவசரத்துக்கு மட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். வால்வு நான்கும் புதுசு. பேலன்சிங் பண்ணும்போது மெஷினில் இரண்டு பக்கமும் பூஜ்யம் வரும் வரைக்கும் பார்த்தேன். அலைன்மென்ட் முந்தி, பிந்தி இரண்டு தாளையும் கேட்டு வாங்கினேன், முந்தியதில் பின் இடது சக்கரம் சிவப்பில் இருந்தது. பெரியப்பா கை வைத்துச் சொன்ன அதே சக்கரம்.

பழைய டயரில் கடைசி நாள் செங்கப்பள்ளியில் இருந்து அவிநாசி வரைக்கும் 80-ல் போகும்போது பக்கத்தில் வீட்டுக்காரர் போனில் சத்தத்தை அளந்திருந்தார், 71 என்று காட்டியது. போன் சொல்வது துல்லியமான எண் இல்லைதான், ஆனால் அதே போன், அதே ரோடு, அதே வேகம். புதுசில் 66. ஐந்து டெசிபல் என்பது எழுத்தில் சின்னதாகத் தெரியும், உள்ளே உட்கார்ந்தால் தெரியும் அது எவ்வளவு என்று. முதல் முந்நூறு கிலோமீட்டர் மட்டும் நிதானமாக ஓட்டினேன், புது டயரின் மேல் வழுவழுப்பு போகிற வரைக்கும் பிடிப்பு முழுசாக வராது.

இனி ஆயுசு என் கையில். பெரியப்பா லாரி டயர் ஒவ்வொன்றுக்கும் சூடுபோட்டு நம்பர் வைத்து, எது எந்த ஆக்சிலில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நோட்டுப் போட்டிருந்தவர். அவர் கொடுத்த பழைய நோட்டு ஒன்று இப்போது எங்கள் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னது நேராகப் பின்னால், பின்னது குறுக்கே மாறி முன்னால். காற்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன், டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்கு, சொந்த கேஜ் வைத்து. ஓடிச் சூடேறிய டயரில் காற்று கூடிக் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன் ஓசியில் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள், காசு கொடுத்து நான் அடிப்பதில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

நோட்டில் முதல் வரியை மாமாதான் எழுதினார். 54,212 கிலோமீட்டர், நான்கும் புதுசு, சாக்பீஸ் குறி போட்டாச்சு. போன வாரம் காது டாக்டரைப் பார்க்கக் கோயமுத்தூர் போனோம். காங்கேயம் தாண்டியது, பல்லடம் தாண்டியது, டப்பி சட்டைப் பையிலேயே இருந்தது. சூலூர் வரைக்கும் என் சின்னப் பெண்ணுக்கு, கண்ணபுரம் சந்தையில் ஒரு ஜோடி மயிலைக் காளைக்கு விலை பேசிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார், நடுவில் இரண்டு தடவை "கொஞ்சம் மெதுவா ஓட்டு அம்மிணி, கதை முடியல" என்றார்.